முன்னோட்டத்தில் இருந்தவன்

"பிரிவியூல இருக்கான். எக்ஸ்போர்ட் பண்ணா இல்ல" என்றாள் ரமணி. "ஒரு தடவ இல்ல சார், எத்தனையோ தடவ போட்டுப் பாத்துட்டேன். இருக்கிறவன் எப்படி இல்லாமப் போவான்?"

"எங்க பழைய ஃபேக்டரில ஓவர்டைம் அப்படித்தான்க்கா. போர்டுல இருக்கும், கையில இருக்காது" என்றாள் ஷீலா.

ரமணி சிரிக்கவில்லை. தம்பி செத்த நாளிலிருந்து அவள் சிரித்துப் பார்த்ததாகப் புக்கிட் செலம்பாவில் யாரும் சொல்லவில்லை.

முத்துக்குமாரு வீட்டுக்குள் வரும்போதே பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார். போர்ச்சில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. முன்சக்கரம் நசுங்கி, கைப்பிடி ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் சாலையோர வடிகாலான லோங்காங்கின் சேறு காய்ந்து கல்லாகியிருந்தது. தம்பி தேவன் விழுந்த அன்றைய சேறு. சுற்றியிருந்த தரை தினமும் துடைக்கப்பட்டுப் பளபளத்தது. மோட்டாரை மட்டும் யாரும் தொடவில்லை.

காப்புறுதி நிறுவனத்தில் விபத்துக் கோரிக்கைகளைச் சோதித்தே தலை நரைத்தவர் முத்துக்குமாரு. ஓய்வுபெற்றபின் சுங்கைப் பட்டாணியில், ஒரு பல் வைத்தியசாலையின் மேல்மாடியில், துப்பறியும் அலுவலகம் திறந்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பத்தின் வாரிசு. ஆத்திரத்தில்கூட வாக்கியத்தை முடித்துத்தான் நிறுத்துவார். உதவியாளர் ஷீலா அதற்கு நேர் எதிர். கூலிம் ஹைடெக் பூங்காவில் சிப் சோதிக்கும் வேலையில் இருந்தவள், மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியதால் வெளியே வந்தாள். சனி ஞாயிறுகளில் கல்யாண வீடியோ எடிட் செய்வாள். மற்ற நாள்களில் முத்துக்குமாருவை.

வழக்கு சுருக்கமானது. போன ஆண்டு தோட்டத்து முனீஸ்வரர் கோயில் திருவிழா. தேர் வீதியுலா போய்க்கொண்டிருந்த மாலை, ரமணியின் தம்பி தேவன் செம்பனைக் காட்டுச் சாலையில் மோட்டாரோடு லோங்காங்கில் செத்துக் கிடந்தான். சாட்சி இல்லை. பின்னாலேயே மழை வந்து சாலையைக் கழுவிவிட்டது. தானாக விழுந்தான் என்று போலீஸ் கோப்பை மூடியது. ஆனால் தேவனுக்கும் பரஞ்சோதிக்கும் நெடுநாள் பகை. இருவருடைய கெபுன் தோட்டங்களுக்கும் நடுவே ஒரு வரிசைச் செம்பனை. அது யாருடையது என்று இரண்டு குடும்பமும் ஒரு தலைமுறையாக அடித்துக்கொண்டிருந்தன. 'உன் மோட்டார் ஒருநாள் லோங்காங்குல கெடக்கும்' என்று பரஞ்சோதி கடைத்தெருவில் வைத்துச் சொன்னதை ஊரே கேட்டிருந்தது.

"போடுங்கக்கா, அந்த மாயத்தப் பாப்போம்" என்று ஷீலா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

ரமணி லேப்டாப்பைத் திருப்பினாள். தம்பியின் வருசத் திதிக்காக அவளே வெட்டி ஒட்டிய நினைவு வீடியோ. முன்னோட்டம் ஓடியது. கோயில் எல்லைக்கு வெளியே, சாலையோரம், மழைமரத்தடி. பரஞ்சோதியின் விரல் தேவனின் நெஞ்சைக் குத்துகிறது. அடர்ந்த முடி, முறுக்கிய மீசை, கழுத்து நரம்பு புடைக்கும் கோபம். தேவன் கையைத் தட்டிவிடுகிறான்.

பிறகு எக்ஸ்போர்ட் செய்த கோப்பை ஓடவிட்டாள். அதே மழைமரம். அதே இடத்தில் ஐஸ் கச்சாங் விற்கும் கிழவரும், வாயெல்லாம் சிவப்பாக இரண்டு பிள்ளைகளும். பரஞ்சோதியும் இல்லை, தேவனும் இல்லை.

"பேய்" என்றாள் ஷீலா. முத்துக்குமாரு திரும்பிப் பார்த்ததும், "சும்மா சொன்னேன் பாஸ். உங்க லேப்டாப் கெழடு, என்னாக்கா? மொதல்ல வீடியோ திக்கித் திக்கி ஓடியிருக்குமே?"

"ஓடவே ஓடாது. நின்னு நின்னு போகும். அப்புறம் ஃபோரத்துல படிச்சு ப்ராக்ஸி போட்டேன்."

"தமிழில் சொல்லு, பிள்ளை" என்றார் முத்துக்குமாரு.

"கல்யாண ஒத்திகையில மாப்பிள்ள வர லேட்டானா, தோழன நிக்க வச்சு மாலையப் போட்டுப் பாப்பாங்கல்ல? அந்தத் தோழன்தான் ப்ராக்ஸி. அசல் வீடியோ கனம், லேப்டாப் தாங்காது. சாஃப்ட்வேர் சின்னதா ஒரு நகல் எடுத்துக்கும். வெட்டுறது ஒட்டுறது, பாக்கிறது எல்லாம் அந்த நகல்ல. எக்ஸ்போர்ட் பண்ணும்போது மட்டும் தோழன ஒதுக்கிட்டு, அசல் மாப்பிள்ளையக் கூப்பிடும்."

"ஆக, நாம் முன்னோட்டத்தில் பார்ப்பது நகல். வெளியே வருவது அசல்."

"ஓம்" என்றாள் ஷீலா, அவருடைய குரலிலேயே. "நகல் எடுத்தப்ப அசல்ல பரஞ்சோதி இருந்திருக்கான். அப்புறம் யாரோ அசலத் தூக்கிட்டு, அதே பேர்ல வேற ஒண்ண வச்சுட்டாங்க. நகல் ஒண்ணு இருக்குன்னு அந்த ஆளுக்குத் தெரியல. சாட்சியக் கொன்னவன் சாட்சியோட நெழல மறந்துட்டான்."

"வீடியோ எல்லாம் இருந்த டிரைவ கோயில் கமிட்டிப் பையன்க வாங்கிட்டுப் போயி வச்சிருந்தாங்க" என்றாள் ரமணி உடனே. "கமிட்டியில பரஞ்சோதியோட மச்சான் இருக்கான்."

எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. முத்துக்குமாருவுக்குக் கச்சிதம் என்றாலே சந்தேகம்.

"பரஞ்சோதியின் தகப்பனார் அந்தத் திருவிழாவுக்குச் சற்று முன்புதானே காலமானார்? தீட்டு இருந்திருக்குமே."

"அதான் கோயிலுக்குள்ள வரல. ரோட்டுல நிக்கிறான் பாருங்க. தீட்டு கோயிலுக்குத்தானே சார், ரோட்டுக்கு இல்லையே." கேள்விக்குக் காத்திருந்த பதில்போல வந்தது.

"அந்தச் சாவுக்கு நீங்கள் போனீர்களா?"

"நாங்களா?" ரமணியின் உதடு கோணியது. "அவங்க வாசல மிதிச்சு ஒரு தலமொறயாச்சு. நல்லதுக்கும் போறதில்ல, கெட்டதுக்கும் போறதில்ல. அவன் அப்பன் செத்தப்ப நான் கதவ நல்லாத் தொறந்து வச்சு ரேடியோவச் சத்தமா வச்சேன்."

ஷீலா டைம்லைனில் அடுத்த துண்டைத் தட்டினாள். உறுமிச் சத்தம் எழுந்தது. ஒரு குறுகிய தெருவில் தேர் நுழைந்தது. ரமணி பாய்ந்து வந்து மவுஸைப் பிடுங்கினாள்.

"இது வேணாம்."

"தேர்தானேக்கா போகுது?"

"நான் புடிச்சது. இது முடியிற எடத்துல…" குரல் இறங்கியது. "நான் கத்துறது கேக்கும். அதுலதான் சேதி வந்துச்சு. ஆரம்பத்த மட்டும் வெட்டி எடுத்துக்கிட்டேன். அதுக்கப்பறம் ஒரு தடவகூடப் போட்டதில்ல."

ஷீலா ஒலியை அணைத்தாள்.

"என்னிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?" என்றார் முத்துக்குமாரு.

"ஞாயித்துக்கிழம பொதுமண்டபத்துல திதிச் சாப்பாடு. பெரிய ஸ்கிரீன் கட்டுறேன். அசல மாத்திட்டாங்க, நகல்ல இருக்கிறதுதான் உண்மைன்னு நீங்க எழுந்து ஒரு வார்த்த சொல்லணும். நான் சொன்னா அக்காக்காரி பொலம்புறான்னுவாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"நம்பினால்?"

"மிச்சத்த ஊர் பாத்துக்கும். அவன் போர்ச்சுல நிக்கிற ஃபோர் வீலு வண்டி அன்னிக்கி எரியணும். அது எரியிறத அவன் உள்ள உக்காந்து பாக்கணும்."

ஷீலா டிரைவில் இருந்த அத்தனையையும் நகலெடுத்துக்கொண்டாள். வெளியே வரும்போது, "பாஸ், இந்தக்கா மைலோ கலக்கிக் குடுத்தா நான் குடிக்க மாட்டேன்" என்றாள்.

பரஞ்சோதியின் வீடு தோட்டத்துக் குடியிருப்பில், ஜாலான் மாத்தி ஒன்றின் நடுவில் இருந்தது. ஒரே வாய் உள்ள முட்டுத்தெரு. மறுகோடியில் முனீஸ்வரர் கல்லும் ஒரு மரமும், அதற்கப்பால் செம்பனைதான். போர்ச்சில் சாம்பல்நிற ஃபோர் வீல் நின்றது. பரஞ்சோதிக்கு ஐம்பதைத் தொடும் வயது. அடர்ந்த முடி, முறுக்கிய மீசை. வீடியோவில் பார்த்த அதே மனிதர்.

"யாரு, காப்புறுதி முத்துக்குமாருவா? வாங்க வாங்க. நான் இன்னும் சாகலையே" என்றார்.

"அதுக்கென்ன அவசரம் அண்ணே, நாங்க சும்மா பாத்துட்டுப் போக வந்தோம்" என்றாள் ஷீலா. கைப்பேசியில் படம்பிடித்து வந்த முன்னோட்டத்தைக் காட்டினாள். "போன வருசத் திருவிழா. நீங்கதானே?"

பரஞ்சோதி பார்த்தார். முகம் சிவந்தது. பிறகு மெல்ல விரிந்து, தொடையில் தட்டிச் சிரிக்கத் தொடங்கினார்.

"போன வருசமா? போன வருசத் திருவிழாவுலயா?" எழுந்து உள்ளே போனார். ஒரு சட்டம் போட்ட படத்தோடு வந்தார். தகப்பனார் படத்துக்கு முன்னால் குடும்பமே நிற்கும் பதினாறாம் நாள் படம். நடுவில் பரஞ்சோதி. மழித்த தலை, மழித்த மீசை. முட்டைக்குக் கண் வரைந்த மாதிரி இருந்தார்.

ஷீலா படத்தையும் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா தவறின வாரத்துக்கு அடுத்த வாரம் திருவிழா. என் தலையில ஈ உக்காந்தா வழுக்கி விழும். இந்த மீச எங்கேருந்து வந்துச்சு? கடன் வாங்கி ஒட்டிக்கிட்டேனா?"

"தகப்பனுக்குத் தலைமகன்தானே கொள்ளி வைப்பது?" என்றார் முத்துக்குமாரு. "உங்களுக்கு மூத்தவர் புவனேசன் இருக்கிறாரே."

"அண்ணன் மெல்போர்ன்ல. ஃப்ளைட்ட விட்டுட்டாரு. பொணத்த எவ்வளவு நேரம் வச்சிருக்கிறது? இளையவன் நான்தான் கொள்ளிச்சட்டி தூக்கினேன். சாவுக்கு வந்தவங்க எல்லாருக்கும் தெரியும்."

"வந்தவர்களுக்கு" என்று முத்துக்குமாரு மெதுவாகத் திருப்பிச் சொன்னார்.

பரஞ்சோதிக்கு உற்சாகம் பொங்கியது. "நான் கேட்டத் தாண்டல சார். இந்த ஃபோர் வீல் அப்பா ஆசையா வாங்கினது. அவரு போன அன்னிக்கே சாவிய அவரு படத்து முன்னால வச்சவன், பதினாறு முடியிற வரைக்கும் தொடல. வண்டி இந்த எடத்த விட்டு ஒரு சாண் நகரல. போலீஸ் வந்து கேட்டப்பவும் அதையேதான் எழுதிக் குடுத்தேன். ஞாயித்துக்கிழம அவ படம் காட்டுறாளாமே? நானும் வர்றேன், இந்தப் படத்தோட. ஊர் முன்னால அவ மூஞ்சிக்கு நேரா நீட்டுறேன். அப்புறம் கேஸு. தம்பிக்குத் திதி குடுத்த கையோட அவளுக்கும் குடுக்கணும்."

சுங்கைப் பட்டாணிச் சாலையில் ஒரு ரொட்டிக் கடையில் காரை நிறுத்தினார்கள். ஷீலா ரொட்டி சானாயைக் கிழித்த வேகத்தில் அதற்கு உயிர் இருந்திருந்தால் கத்தியிருக்கும்.

"ஏமாந்துட்டேன் பாஸ். நகலு பின்னால வர்றது, அசலு முன்னால இருக்கிறது. அதனால அசலத்தான் மாத்தியிருப்பாங்கன்னு நெனச்சேன். அக்கா அசலத் தொடவே இல்ல. அதுக்கு முந்தின வருசத் திருவிழா வீடியோவுலேருந்து சண்டைய வெட்டி, சின்னதாக்கி, நகல் இருந்த எடத்துல அதே பேர்ல சொருகிட்டாங்க. இதோ, அந்தப் பழைய வீடியோவும் டிரைவுல இருக்கு. அதே மழைமரம், அதே சண்ட. மொட்டை மட்டும் அவங்களுக்குத் தெரியல."

"எப்படித் தெரியும்? தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன். முறைப்படி மொட்டை புவனேசனுக்குத்தான். முறை தவறியது சாவு வீட்டுக்கு வந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி. பகையாளி வீட்டுச் சாவுக்குப் போகாதவருக்கு அந்த ஒன்று மட்டும் தெரியாமல் போயிற்று."

"தோழன நிக்க வச்ச மாதிரி நம்மளையும் மண்டபத்துல நிக்க வைக்கப் பாத்திருக்காங்க. வாங்க, போயி நாலு வார்த்த கேப்போம்."

முத்துக்குமாரு தேநீரைத் தொடவில்லை. "ஷீலா, நான் பரஞ்சோதியிடம் வண்டியைப் பற்றிக் கேட்டேனா?"

"இல்லையே. மொட்டையப் பத்தித்தான்."

"மொட்டைப் படம் காட்டியதோடு அவர் ஜெயித்துவிட்டார். அங்கேயே வாயை மூடியிருக்கலாம். நான் கேட்காத கேள்விக்கு ஏன் பதில் சொன்னார்? காப்புறுதியில் இருந்தபோது, கேட்காத கேள்விக்கு வரும் பதிலைத்தான் நான் முதலில் சோதிப்பேன்." குனிந்தார். "அந்தத் தேர் வீடியோவை எடு. நகல் வேண்டாம். அசல்."

"அசலு இந்த லேப்டாப்புல ஓடாது பாஸ். மத்தது எல்லாத்தையும் மூடினாலும் திக்கும். படம் நின்னு நின்னுதான் போகும்."

"நல்லது. எனக்கு ஓட வேண்டாம். நிற்கத்தான் வேண்டும்."

படம் திக்கித் திக்கி நகர்ந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் முத்துக்குமாரு தேரைப் பார்க்கவில்லை. தேருக்குப் பின்னால் தெரிந்த வீடுகளைப் பார்த்தார். ஓரிடத்தில் விரலை வைத்தார். பிறகு, வெகு தள்ளி, இன்னோரிடத்தில்.

ஷீலாவின் கையில் ரொட்டி வாய்க்குப் போகாமல் நின்றது.

"ஆமா, நான்தான் செஞ்சேன்" என்றாள் ரமணி, அன்று மாலை தன் வீட்டில். அழவில்லை, மறுக்கவும் இல்லை. "ஃபேக்டரில மைக்ராஸ்கோப்ல கண்ண வச்சு, மயிரளவு கீறல் இருந்தா எடுத்து வீசுற வேல எனக்கு. என் தம்பி சாவுல எத்தன கீறல்! ஒருத்தன் பாக்கல. போலீஸ் பாக்கல, ஊர் பாக்கல. அவன் மீசைய முறுக்கிக்கிட்டு என் கண்ணு முன்னால ஃபோர் வீல் ஓட்டுறான். நெசம் எனக்கு உதவல சார். அதனால பொய்யச் செஞ்சேன். உங்க வாயில வச்சு அனுப்பலாம்னு பாத்தேன்."

"மொட்டைய மறந்துட்டீங்களேக்கா" என்றாள் ஷீலா.

"மொட்டையா? தலைமகன் புவனேசன்தானே…" சொல்லும்போதே ரமணியின் முகம் மாறியது.

"நல்லதுக்குக் கூப்பிட்டால் போக வேண்டும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போக வேண்டும் என்பார்கள்" என்றார் முத்துக்குமாரு. "நீங்கள் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டியிருப்பார். ஊர் சிரித்திருக்கும். அதன்பிறகு நீங்கள் உண்மையையே கொண்டுவந்தாலும் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அவரைக் காப்பாற்ற நீங்கள் செய்த நல்ல வேலை இது."

ரமணி சுவரில் சாய்ந்தாள். "அப்ப அவன் செய்யலையா?"

"உட்காருங்கள். ஒரு வீடியோவைப் பார்க்க வேண்டும். கடைசிவரை."

அவளுக்குப் புரிந்தது. தலையை ஆட்டினாள். ஷீலா அவள் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். இரவல் வாங்கி வந்த நல்ல கணினியில் அசல் ஓடத் தொடங்கியது. இம்முறை திக்கவில்லை.

தேர் தெருவுக்குள் நுழைந்தது. தேவன் மோட்டாரில் படக்கருவிக்கு அருகே வந்தான். சிரித்தான். "அக்கா, ஊரே தேர் பின்னால வருது. எல்லை வரிசையில எவனாவது செம்பனக் கொல வெட்டுறானான்னு ஒரு நட பாத்துட்டு வந்துர்றேன்." கையசைத்துவிட்டுத் தெருவாயிலை நோக்கிப் போனான். ரமணியின் நகம் ஷீலாவின் கையில் பதிந்தது.

"நிறுத்து" என்றார் முத்துக்குமாரு. "தேருக்கு இடப்பக்கம். கேட் சாத்திய வீடு."

பரஞ்சோதியின் தீட்டு வீடு. வாசலில் குத்துவிளக்கு இல்லை, அர்ச்சனைத் தட்டு இல்லை. அந்த வீட்டைத் தேரும் நின்று பார்ப்பதில்லை, பின்னால் போகிறவர்களும் உற்றுப் பார்ப்பதில்லை. வழக்கம் அப்படி. படக்கருவிக்கு வழக்கம் தெரியாது. போர்ச் தெளிவாகத் தெரிந்தது. காலியாக இருந்தது.

தேர் தெருக்கோடிக்குப் போயிற்று. முனீஸ்வரர் கல்லுக்கு முன்னால் நீண்ட பூசை. எல்லார் முதுகும் தெருவுக்கு. உறுமி காதைக் கிழித்தது. பின்னால் ஒரு வண்டி வந்தால்கூட யாருக்கும் கேட்டிருக்காது. பிறகு தேர் திரும்பியது. அதே வீடு இப்போது வலப்பக்கம். அதே சாத்திய கேட்.

"நிறுத்து."

போர்ச் நிறைந்திருந்தது. அகலமான, உயரமான ஒன்று, முகப்பிலிருந்து பின்புறம்வரை நீலக் கென்வாஸ் போர்த்தப்பட்டு நின்றது. சக்கரத்தின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. அதில் ஈரச் செம்மண்.

"நகலில் இது வெறும் நீலத் திட்டு" என்றார் முத்துக்குமாரு. "அசலில் வண்டி. நகராத வண்டி, தேர் போகும்போது வீட்டில் இல்லை. தேர் வரும்போது இருக்கிறது. இடையில்தான் உங்கள் தம்பி போனான்."

ஷீலா நிறுத்தியிருக்கலாம். ரமணிதான் விசையைத் தட்டினாள். தெருவாயிலிலிருந்து ஒருவர் தேவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடிவந்தார். பிறகு அந்த அலறல். படம் குலுங்கி, வானத்தைக் காட்டி, நின்றது.

"இது எங்கிட்டயே இருந்துச்சு" என்றாள் ரமணி. "இத்தன நாளும் எங்கிட்டயே. பொய்யச் செய்யிறதுக்கு ராப்பகலா உக்காந்தேன். இதப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல."

சட்டென்று எழுந்து சமையலறைக்கு நடந்தாள். கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த பாராங் கத்தியைக் கையில் எடுத்தபோது முத்துக்குமாரு வழியில் நின்றார்.

"அதை எடுத்தால் உங்களைத்தான் தேடுவார்கள், அவரை அல்ல. வேண்டுமென்றே மோதினாரா, மாலை மங்கல் மோத வைத்ததா என்பது எனக்குத் தெரியாது. பொய் சொன்னார் என்பது தெரியும். போலீஸில் எழுதிக் கொடுத்த பொய். அதற்கு எல்லைக்கல் நட்டவரும் அவரே. தீட்டு முடியும்வரை வண்டி நகரவில்லை என்று வாய்நிறையச் சொன்னார். ஊர் முன்னால் தூக்கிக் காட்டுவேன் என்று வைத்திருக்கிறாரே அந்த மொட்டைப் படம், திருவிழா தீட்டுக்குள்தான் வந்தது என்று அவருக்கெதிராகச் சாட்சி சொல்லும்." வெளியே கை காட்டினார். "இன்னொன்றும் இருக்கிறது. அந்தச் சேற்றுக்கு அடியில் சாம்பல்நிறச் சாயம் இருந்தால், கழுவாமல் வைத்த புண்ணியம் உங்களுடையது."

ரமணி போர்ச்சில் நின்ற மோட்டாரை வெகுநேரம் பார்த்தாள். பாராங்கைக் கீழே வைத்தாள். லேப்டாப்பின் முன் உட்கார்ந்து, தான் சொருகிய பொய் நகலைத் தானே அழித்தாள். டைம்லைனில் மழைமரம் இருந்த இடம் முழுவதும் சிவப்பாக மாறி, கோப்பு காணவில்லை என்று ஓர் அறிவிப்பு வந்தது.

மறுநாள் காலை அசலின் நகலும் முத்துக்குமாருவின் வாக்குமூலமும் இன்ஸ்பெக்டரின் மேசையில் இருந்தன. பொய் நகலைப் பற்றியும் வாக்குமூலத்தில் இருந்தது. ரமணிதான் அதை மறைக்க வேண்டாம் என்றாள். இன்ஸ்பெக்டர் வீடியோவை இரண்டு முறை பார்த்தார். மூடிய கோப்பை வரவழைத்தார். மதியத்துக்குமேல் வண்டியைக் கைப்பற்ற ஆள் அனுப்புவதாகச் சொன்னார்.

"அதுக்கு முன்னால நான் ஒரு தடவ அந்த வாசலுக்குப் போகணும்" என்றாள் ரமணி. "பாராங் இல்லாம."

முத்துக்குமாரு வேண்டாம் என்றார். பிறகு கார்ச் சாவியை ஷீலாவிடம் கொடுத்தார்.

ரமணி கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். பரஞ்சோதி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவள் அந்த வாசலில் நிற்பதை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"ஞாயித்துக்கிழம என் தம்பிக்கு வருசத் திதி. வந்துருங்க."

"கெட்டதுக்கு யாரும் கூப்புட மாட்டாங்களே" என்றார் பரஞ்சோதி.

"உங்கப்பா சாவுக்கு நான் வரல. வராம இருந்தா என்னா நட்டம்னு இப்பத்தான் தெரிஞ்சுது. அதான் வந்து கூப்புடுறேன்."

"நான் சும்மா வர மாட்டேன். படத்தோட வருவேன்."

"கொண்டாங்க. எல்லாருக்கும் தெரியிற மாதிரி தூக்கிக் காட்டுங்க. முன்வரிசையில நாற்காலி போடச் சொல்லியிருக்கேன்."

பரஞ்சோதியின் மீசை விரிந்தது. கேட்டின் தாழ்ப்பாளில் கையை ஊன்றிக்கொண்டார். "அப்படி என்னா படம் காட்டப் போறீங்க? அந்த மழைமரச் சண்டையா?"

"இல்ல, அத அழிச்சுட்டேன். தேர் மட்டும்தான்."

"தேரா?" அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். போகும்போதும் எடுத்தேன், வரும்போதும் எடுத்தேன்." அவள் அவரைத் தாண்டிப் போர்ச்சைப் பார்த்தாள். "உங்க வீட்டு வாசல் வழியாத்தானே போச்சு."

சிரிப்பு முகத்தில் இருந்தது; கண்ணில் இல்லை. அவர் ஒருமுறை திரும்பி ஃபோர் வீலைப் பார்த்தார். அதைத்தான் பார்க்க வந்தவள்போல ரமணி திரும்பி நடந்தாள்.

காரில் ஏறியதும் முத்துக்குமாரு கடிந்துகொண்டார். "ஏன் சொன்னீர்கள்? ஆள் எச்சரிக்கையாகிவிட்டார்."

"இன்ஸ்பெக்டர் வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்கு. இத்தன நாளு நான் எப்படி உக்காந்திருந்தேன்னு அந்த நேரமாவது அவனுக்குத் தெரியட்டும்."

"வண்டிய எடுத்துக்கிட்டு ஓடிட்டா?"

அதைக் கேட்டவள் ஷீலாதான். கேட்டுவிட்டு அவளே காரை நகர்த்தி, தெருவின் ஒரே வாயை அடைத்தாற்போல் குறுக்கே நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஜாலான் மாத்திலா பாஸ்" என்றாள். "எங்க ஓடுவான்?"